கம்ப்யூட்டரில் வீடியோ ஓடவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஒரு கல்யாணம் முடிந்தால் இப்போது ஆல்பத்தோடு ஒரு பென் டிரைவும் வீட்டுக்கு வருகிறது. பீரோவில் பழைய சிடி ஒரு கட்டு இருக்கும். சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் ஐபோன் வீடியோக்கள் வரும். இவற்றில் ஏதோ ஒன்று ஓடாமல் போகும்போது டெல்டா பக்கத்து வீடுகளிலும் ஸ்டுடியோக்களிலும் எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

“இந்த ஃபைலை ஓட்ட முடியாது” என்று வருகிறது. வீடியோ கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. அந்த பிளேயருக்கு அந்த வீடியோவைப் படிக்கத் தெரியவில்லை என்பதுதான் பல நேரங்களில் அதற்குப் பொருள். உறுதி செய்ய மூன்று படிகள் போதும்.

முதலில் ஃபைலை பென் டிரைவிலிருந்தோ மெமரி கார்டிலிருந்தோ கம்ப்யூட்டரின் டிஸ்குக்கு காப்பி செய்யுங்கள். காப்பி பாதியில் நின்று பிழை காட்டினால் கோளாறு பென் டிரைவிலோ கார்டிலோ இருக்கிறது. வீடியோவைப் பற்றிக் கவலைப்படுவது அப்புறம்.

காப்பி முழுதாக முடிந்தால் ஃபைலை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்டீஸில் அளவைப் பாருங்கள். 0 பைட்ஸ் என்றால் உள்ளே ஒன்றுமில்லை. கொடுத்தவரிடமே திரும்பக் கேட்க வேண்டும்.

அளவு சரியாக இருந்தால் விஎல்சி என்ற இலவச பிளேயரில் திறந்து பாருங்கள். அதில் ஓடினால் ஃபைல் நலமாக இருக்கிறது, விண்டோஸில் அதற்கான கோடெக் (வீடியோவைச் சுருக்கி எழுதவும் படிக்கவும் பயன்படும் முறை) இல்லை, அவ்வளவுதான். விஎல்சியிலும் ஓடவில்லை என்றால் ஃபைல் முழுமையாக எழுதப்படவில்லை என்று சந்தேகிக்கலாம்.

இந்தச் சோதனை முடியும்வரை ஃபைலின் பெயரையோ பின்னொட்டையோ மாற்றாதீர்கள். எம்.கே.வி என்றிருப்பதை எம்பி4 என்று பெயர் மாற்றினால் உள்ளிருப்பது மாறாது. பின்னால் பழுது பார்ப்பவருக்குத்தான் குழப்பம்.

இரண்டுமே எம்பி4 ஃபைல்தான். ஒன்று ஓடுகிறது, மற்றொன்று ஓடவில்லை. எப்படி?

எம்பி4 என்பது சாக்கு. உள்ளே இருக்கும் நெல் வேறு. சாக்கின்மேல் என்ன அச்சடித்திருந்தாலும், உள்ளே பொன்னியா குண்டு நெல்லா என்பது குத்தூசி போட்டு நாலு மணியை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். வீடியோவில் அந்த நெல்லுக்குக் கோடெக் என்று பெயர். ஒரே எம்பி4 சாக்குக்குள் எச்.264, எச்.265, ஏவி1 என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம். எச்.264 வெளிவந்தது 2003இல். அதனால் இன்று புழக்கத்தில் உள்ள அநேகமாக எல்லாக் கருவியும் அதைப் படிக்கும். எச்.265 வந்தது 2013இல், ஏவி1 வந்தது 2018இல். பழைய கம்ப்யூட்டர் தடுமாறுவது இந்த இரண்டிலும்தான்.

குத்தூசிக்கு இணையான கருவி மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள். ஃபைலை அதன்மேல் இழுத்துவிட்டால் வீடியோ கோடெக், ஆடியோ கோடெக், அளவு, விநாடிக்கு எத்தனை ஃப்ரேம், நிற ஆழம் 8 பிட்டா 10 பிட்டா என்று எல்லாம் காட்டும். விஎல்சியில் கன்ட்ரோல் + ஜே அழுத்தினாலும் கோடெக் விவரம் வரும். உதவி கேட்டு யாரிடம் போனாலும் இந்த விவரத்தைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

தம்பி சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய ஐபோன் வீடியோவில் சத்தம் மட்டும் கேட்கிறது, படம் கறுப்பாக இருக்கிறது.

2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல், புதிய ஐபோன்கள் எச்.265இல் பதிவு செய்கின்றன. எச்இவிசி என்பதும் இதுவே. விண்டோஸில் இதற்கான நீட்சி பல கம்ப்யூட்டர்களில் இருப்பதில்லை. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் சிறு தொகை கட்டி வாங்கலாம். விஎல்சியோ எம்பிவி பிளேயரோ போட்டால் காசில்லாமலே ஓடும், ஏனென்றால் அவற்றுக்குள்ளேயே கோடெக்கைப் படிக்கும் டிகோடர் இருக்கிறது.

இனி வரும் வீடியோக்கள் எல்லா இடத்திலும் ஓட வேண்டுமானால் தம்பியிடம் சொல்லி செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் என்று போய் ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’ என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஃபைல் ஏறக்குறைய இரு மடங்கு பெரிதாகும், ஆனால் எச்.264ஆக வரும்.

ஐபோனைக் கேபிளில் செருகி காப்பி செய்யும்போது பாதியில் அறுந்துபோகிறதா? போட்டோஸ் செட்டிங்ஸின் அடியில் ‘டிரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பிசி’ என்ற இடத்தில் ‘கீப் ஒரிஜினல்ஸ்’ என்று மாற்றுங்கள். ‘ஆட்டோமேட்டிக்’ என்று இருந்தால் போன் ஒவ்வொரு வீடியோவையும் மாற்றி மாற்றி அனுப்பும், நடுவில் திணறி நின்றுவிடும்.

வீடியோ ஓடுகிறது, ஆனால் விட்டு விட்டு ஓடுகிறது.

கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு வீடியோவை ஓட்டுங்கள். சிபியு (பிராசஸர்) 100 சதவீதத்தைத் தொட்டு நிற்க, ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) பக்கத்தில் ‘வீடியோ டிகோட்’ கோடு தரையிலேயே கிடந்தால், அந்தக் கோடெக்கை உங்கள் கம்ப்யூட்டரின் சிப் நேரடியாகப் படிக்கவில்லை. மொத்தச் சுமையும் பிராசஸர் தலையில் விழுகிறது.

இன்டெல் பிராசஸரின் பெயரில் தலைமுறை எண் இருக்கும். ஐ5-3470 என்றால் 3ஆம் தலைமுறை. எச்.265 8 பிட்டுக்கு 6ஆம் தலைமுறையும், 10 பிட்டுக்கு 7ஆம் தலைமுறையும், ஏவி1க்கு 11ஆம் தலைமுறையும் வேண்டும். அதற்கு முந்தைய கம்ப்யூட்டரில் 4கே கல்யாண வீடியோவை ஓட்டப் பிளேயரை மாற்றிப் பயனில்லை. ஸ்டுடியோவிடம் 1080 அளவில் எச்.264 பிரதி கேட்டு வாங்குங்கள், அல்லது கீழே சொல்லியிருப்பதுபோல் நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்.

சிபியு சும்மா இருந்தும் திணறினால் பென் டிரைவின் வேகத்தைச் சந்தேகியுங்கள். டிஸ்குக்கு காப்பி செய்து ஓட்டினால் தெரிந்துவிடும்.

படம் பச்சையாகவோ கட்டம் கட்டமாகவோ வருகிறது.

விஎல்சியில் டூல்ஸ், ப்ரெஃபரன்சஸ், இன்புட்/கோடெக்ஸ் என்று போய் ஹார்ட்வேர் டிகோடிங்கை ‘டிஸேபிள்’ செய்து, விஎல்சியை மூடித் திறந்து பாருங்கள். சரியானால் கிராஃபிக்ஸ் டிரைவர் பழையது, புதுப்பிக்க வேண்டும். அதன்பிறகும் ஒரே இடத்தில், அதே நொடியில் கட்டம் விழுந்தால் ஃபைலில்தான் அந்த இடம் கெட்டிருக்கிறது.

படம் வருகிறது, நாதஸ்வரம் கேட்கவில்லை.

ஆடியோ கோடெக் பிரச்சினை. பழைய ஹேண்டிகேம்களின் எம்.டி.எஸ் ஃபைல்களில் ஏசி3 ஒலி இருக்கும். விண்டோஸ் பிளேயரோ டிவியோ அதை ஏற்காமல் போகலாம். விஎல்சியில் கேட்கும். சத்தம் முன்னே பின்னே போனால் ஜே, கே விசைகள் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் 50 மில்லிநொடி நகர்த்தும்.

தேர்த் திருவிழாவைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. 3 ஜிபி ஃபைல் இருக்கிறது, எதிலும் திறக்கவில்லை.

டெல்டாவில் அதிகம் பறிபோவது இப்படித்தான். திருவாரூர் ஆழித்தேர் நிலையை விட்டு நகரும் அந்த நேரத்தை இன்னொரு முறை எடுக்க முடியாது. அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே தெரிந்துகொள்ளுங்கள்.

கேமரா எம்பி4 அல்லது எம்.ஓ.வி ஆகப் பதிவு செய்யும்போது படத்தையும் ஒலியையும் வரிசையாக எழுதிக்கொண்டே போகும். எந்த ஃப்ரேம் எங்கே தொடங்குகிறது, எத்தனை பைட், எத்தனையாவது நொடி என்ற அட்டவணையை, பல கேமராக்கள் நீங்கள் ‘ஸ்டாப்’ அழுத்திய பிறகுதான் கடைசியில் எழுதும். இதன் பெயர் மூவ் ஆட்டம். அடாப்டரில் ஓடிய கேமராவுக்குக் கரண்ட் போனாலும், பேட்டரியைப் பிடுங்கினாலும், ட்ரோன் இறங்கியவுடன் பதிவை நிறுத்தாமல் அணைத்தாலும் அந்த அட்டவணை எழுதப்படாது. படம் முழுக்க உள்ளே இருக்கும். எங்கே இருக்கிறது என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

அடையாளம் எளிது. மீடியாஇன்ஃபோவில் ஃபைல் அளவு வரும், நேர அளவு வராது, வீடியோ என்ற பகுதியே இருக்காது. விஎல்சி திறந்த வேகத்தில் நின்றுவிடும்.

செய்ய வேண்டியது:

கார்டில் வேறெதுவும் பதியாமல் எடுத்து, அந்த ஃபைலை இரண்டு இடத்தில் காப்பி செய்யுங்கள். அதன்பின் கார்டை அதே கேமராவில் போட்டு, பேட்டரி முழுச் சார்ஜில் இயக்கிப் பாருங்கள். கோப்ரோ உட்படச் சில கேமராக்கள் முடிவுறாத ஃபைலைக் கண்டதும் தாமே பழுது பார்க்கும். பாதியில் அணைக்காதீர்கள்.

அது நடக்கவில்லை என்றால் அன்ட்ரங்க் என்ற இலவசக் கருவி இருக்கிறது. அதற்கு மாதிரி ஃபைல் ஒன்று வேண்டும்: அதே கேமராவில், அதே ரெசல்யூஷன், அதே ஃப்ரேம் ரேட், அதே ஒலி அமைப்பில் எடுத்த நல்ல வீடியோ. அன்றைக்கே எடுத்த வேறு கிளிப் இருந்தால் மிகச் சிறப்பு. இல்லையென்றால் அமைப்பை மாற்றாமல் இரண்டு நிமிடம் புதிதாக, வேறு கார்டில் எடுங்கள். நல்ல ஃபைலின் அமைப்பைப் பார்த்து, கெட்ட ஃபைலின் அட்டவணையை அது மறுபடி கட்டும். அமைப்பு மாறியிருந்தால் வேலை நடக்காது. கேமராவை ரீசெட் செய்துவிட்டு பழுது பார்க்க வருபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஏ.வி.ஐ ஃபைல் என்றால் இவ்வளவு பாடில்லை. இன்டெக்ஸ் இல்லாத ஏ.வி.ஐயை விஎல்சியே சரிசெய்து ஓட்டும். எம்.டி.எஸ் ஃபைலும் பெரும்பாலும் பிழைத்துவிடும், ஏனென்றால் அது சிறு சிறு பாக்கெட்டுகளாக எழுதப்படுவது. அறுந்த இடம்வரை ஓடும்.

இதனால்தான் கம்ப்யூட்டரில் ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருளை வைத்துக் கோயில் நிகழ்ச்சியையோ திருவையாறு கச்சேரி மேடையையோ பதிவு செய்பவர்கள் எம்.கே.வியில் பதிவு செய்ய வேண்டும். கரண்ட் போனாலும் அதுவரை பதிந்தது நிற்கும். முடிந்தபின் ஃபைல் மெனுவில் ‘ரீமக்ஸ் ரெகார்டிங்ஸ்’ கொடுத்தால் தரம் குறையாமல் சில நிமிடங்களில் எம்பி4 ஆகிவிடும்.

மெமரி கார்டைச் செருகினால் ‘ஃபார்மட் செய்யவா’ என்று கேட்கிறது.

வேண்டாம் என்று அழுத்துங்கள். கார்டின் இடப்பக்கத்துச் சின்னப் பூட்டைக் கீழே தள்ளி எழுத முடியாதபடி செய்யுங்கள். வேறு கார்டு ரீடரில் போட்டுப் பாருங்கள். ரீடர் கெட்டதற்குக் கார்டைப் பழிப்பது அடிக்கடி நடக்கிறது. அப்படியும் திறக்கவில்லை என்றால் போட்டோரெக் என்ற இலவச மென்பொருள் கார்டைத் துழாவி ஃபைல்களை மீட்கும். மீட்டவை கம்ப்யூட்டர் டிஸ்கில் சேர வேண்டும், ஒருபோதும் அதே கார்டில் அல்ல. படங்கள் நன்றாக வரும். நீளமான வீடியோக்கள் துண்டு துண்டாகச் சிதறி எழுதப்பட்டிருந்தால் முழுதாக வராமல் போகலாம். ஃபைல்களை மீட்பதற்கு முன்னால், டிஸ்க் பிழைகளைச் சரிசெய்யும் விண்டோஸின் செக்டிஸ்க்கை ஓட்டாதீர்கள். அது கார்டிலேயே மாற்றி எழுதும்.

64 ஜிபி பென் டிரைவ். முதல் சில வீடியோக்கள் ஓடுகின்றன, மீதி ஒன்றும் ஓடவில்லை. அளவெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

போலி டிரைவாக இருக்கலாம். உள்ளே 8 ஜிபி சிப்பை வைத்து 64 என்று காட்டும்படி செய்து விற்கிறார்கள். 8 ஜிபிக்கு மேல் எழுதியது எங்கும் சேராது, ஆனால் பட்டியலில் பெயரும் அளவும் இருக்கும்.

வீட்டிலேயே கண்டுபிடிக்க ஒரு வழி: ஓடாத 3 ஜிபி ஃபைலை ஜிப் செய்யுங்கள். வீடியோ ஏற்கெனவே சுருக்கப்பட்டது, ஜிப்பில் கிட்டத்தட்ட அதே 3 ஜிபியாகத்தான் இருக்கும். சில எம்பியாகச் சுருங்கிப்போனால் உள்ளே வெறும் பூஜ்யங்கள். அதைப் பழுது பார்க்க எதுவும் இல்லை, மூல ஃபைல் இருக்கும் இடத்தில் கேளுங்கள். டிரைவின் உண்மைக் கொள்ளளவை எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருள் முழுக்க எழுதிப் படித்துச் சொல்லிவிடும். ஸ்டுடியோக்காரர்கள் புதிதாக வாங்கும் ஒவ்வொரு டிரைவையும் இதில் போட்டுப் பார்த்த பிறகு வீட்டாரிடம் கொடுப்பது நல்லது.

முகூர்த்த வீடியோ பென் டிரைவில் ஏறவில்லை, இடம் நிறைய இருந்தும் ‘ஃபைல் பெரியது’ என்கிறது.

டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கிறது. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. விநாடிக்கு 10 மெகாபிட் வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 4.5 ஜிபி வரும், அதனால் முகூர்த்தம் முழுதும் ஒரே ஃபைலாக இருந்தால் இடிக்கும். உள்ளிருப்பதைக் காப்பி செய்துவிட்டு எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்யுங்கள். வீட்டு டிவி பழையது என்றால் அது எக்ஸ்ஃபேட்டைப் படிக்காது, அப்போது வீடியோவை இரண்டாக வெட்டிக் கொடுப்பதே வழி.

கேமராவும் இதே காரணத்தால்தான் நீண்ட பதிவை 4 ஜிபிக்கு ஒன்றாகத் துண்டுபோடுகிறது. துண்டுகளைத் தனித்தனியே எடிட்டிங்கில் போட்டால் இணைப்பில் ஒலி ஒரு கணம் அறுபடலாம். கேமரா நிறுவனத்தின் மென்பொருள் வழியாக இறக்கினால் சேர்ந்து வரும்.

2003 கல்யாண சிடி. செருகினால் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

முதலில் எந்த வகை என்று பாருங்கள். உள்ளே டேட் (.DAT) ஃபைல்கள் இருந்தால் விசிடி, விஓபி (.VOB) ஃபைல்கள் இருந்தால் டிவிடி. இரண்டையும் விஎல்சி ஓட்டும். டிவிடியில் விஓபி ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறக்காமல், டிஸ்க்கையோ முழு ஃபோல்டரையோ திறந்தால்தான் வரிசையும் நேரமும் சரியாக வரும்.

விசிடி ஒரு விஷயத்தில் மிக மென்மையானது. டேட்டா சிடியில் இருக்கும் கூடுதல் பிழைதிருத்தப் பகுதியை எடுத்துவிட்டு, அந்த இடத்திலும் படத்தையே எழுதிய அமைப்பு அது. அதனால் டேட்டா சிடி தாங்கும் கீறலை விசிடி தாங்காது. காப்பி பாதியில் நிற்பது இதனால்தான்.

டிஸ்க்கை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து, அச்சுப் பக்கத்திலிருந்து பாருங்கள். ஊசி குத்தியதுபோல் வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் அந்த இடங்களில் வெள்ளிப் பூச்சு உதிர்ந்துவிட்டது. சிடியின் பூச்சு அச்சுப் பக்கத்து வார்னிஷுக்கு அடியிலேயே இருப்பதால் மேல்பக்கக் கீறல்தான் அடிப்பக்கக் கீறலைவிட ஆபத்து. புள்ளி விழுந்த இடத்துப் படம் திரும்பாது. மற்ற இடங்களை மீட்கலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு பீரோவில் இருந்து எடுத்தால் வெள்ளையாகச் சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்ந்திருக்கும். மேலோட்டமாக இருந்தால் கழுவினால் போகும்: வெதுவெதுப்பான சுத்தமான தண்ணீர், பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு, பழைய பருத்தித் துணி. நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடு ஓடும், பிளேயரால் தாண்ட முடியாது.

2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோதுபோல வெள்ளநீர் புகுந்து வண்டல் ஒட்டியிருந்தால் காய்ந்த மண்ணைத் துடைக்கவே கூடாது, அது உப்புத்தாள்போல் அறுக்கும். தண்ணீரில் ஊறவிட்டு மண் தானாகக் கரைந்து போகட்டும். நிழலில் உலர்த்துங்கள். எழுதும் வகை டிஸ்க்கின் சாயம் வெயிலில் வெளுக்கும்.

பிறகு வேறு வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒன்று படிக்காததை மற்றொன்று படிக்கும். டிவிடி என்றால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற கருவி படிக்க முடிந்ததை முதலில் எடுத்துவிட்டு, முடியாத இடங்களுக்குத் திரும்பத் திரும்பப் போகும். ஒரே டிஸ்க்கை இரண்டு டிரைவில் மாற்றி ஓட்டி ஒரே பிரதியில் சேர்க்கவும் அதில் முடியும்.

கடை சிசிடிவி காட்சியை எடுத்தோம். கம்ப்யூட்டரில் திறக்கவில்லை.

பல ரெக்கார்டர்கள் தங்களுக்கே உரிய வடிவில் எழுதும், டிஏவி என்ற பின்னொட்டு அதில் ஒன்று. ரெக்கார்டரில் காப்பி எடுக்கும்போது ‘பிளேயரோடு சேர்த்து’ என்றோ எம்பி4 என்றோ விருப்பம் இருக்கும், இரண்டையும் எடுங்கள். தாமதிக்காதீர்கள், டிஸ்க் நிறைந்ததும் பழைய நாளின்மேல் புது நாள் எழுதப்படும்.

போலீஸுக்கோ நீதிமன்றத்துக்கோ கொடுப்பது என்றால் மாற்றிய ஃபைல் மட்டும் போதாது, மூல ஃபைலையே கொடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவோடு சான்றிதழ் வேண்டும், அதில் ஃபைலின் ஹாஷ் மதிப்பும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்) இடம்பெறும். ஒரு பைட் மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும்.

ஓட வைக்க ‘கோடெக் பேக்’ இறக்கலாமா?

தேவையில்லை. விஎல்சியை வீடியோலேன் தளத்திலிருந்து இறக்குங்கள், விளம்பரத்தில் வரும் ‘டவுன்லோட்’ பட்டனிலிருந்து அல்ல. வீடியோ என்று வந்த ஃபைலின் பெயர் இ.எக்ஸ்.இ என்று முடிந்தால் அது வீடியோவே இல்லை. திறக்காமல் அழியுங்கள்.

ஃபைல் பெயர் தமிழில் இருப்பதால் ஓடாமல் போகுமா?

கம்ப்யூட்டரில் பொதுவாகப் போகாது. பழைய டிவிகளும் கார் பிளேயர்களும் கட்டம் கட்டமாகக் காட்டும், சில திறக்காமலே விடும். விண்டோஸில் ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய் மொத்தப் பாதை 260 எழுத்தைத் தொட்டாலும் பிழை வரும். தமிழில் மெய்யும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனி எழுத்தாகக் கணக்காவதால் இந்த எல்லை சீக்கிரம் வந்துவிடும். டிரைவின் முதல் மட்டத்துக்கு ஃபைலை நகர்த்தி, பெயரைச் சுருக்கிப் பாருங்கள்.

எல்லா இடத்திலும் ஓடும்படி மாற்ற என்ன அமைப்பு?

ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ‘ஃபாஸ்ட் 1080பி30’ அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். எம்பி4, எச்.264 8 பிட், ஒலி ஏஏசி. தர எண் 20 முதல் 22க்குள் வையுங்கள், எண் குறையக் குறையத் தரமும் அளவும் கூடும். கேமரா விநாடிக்கு 50 ஃப்ரேம் எடுத்திருந்தால் ஃப்ரேம் ரேட்டை ‘சேம் ஆஸ் சோர்ஸ்’ என்று மாற்றுங்கள், இல்லையென்றால் கும்மி, கோலாட்டம் எல்லாம் வெட்டி வெட்டித் தெரியும். பழைய கம்ப்யூட்டரில் ஒரு மணி நேர 4கே வீடியோவுக்குப் பல மணி நேரம் பிடிக்கும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். ஒவ்வொரு மாற்றத்திலும் தரம் கொஞ்சம் குறையும் என்பதால் மூல ஃபைலை அழிக்காதீர்கள்.

ஸ்டுடியோவில் ஆர்டர் கொடுக்கும்போதே என்ன கேட்டு வைக்கலாம்?

1080 அளவில் எச்.264 8 பிட் எம்பி4 பிரதி ஒன்று, 4கே எடுத்திருந்தால் அது தனியாக. இரண்டு வேறு டிரைவுகளில், ஒன்று பெண் வீட்டுக்கு, ஒன்று மாப்பிள்ளை வீட்டுக்கு. ஸ்டுடியோவில் மூலக் காட்சிகளை எத்தனை மாதம் வைத்திருப்பார்கள் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். டிரைவ் கைக்கு வந்த அன்றே தாலி கட்டும் இடத்தையும் கடைசி ஐந்து நிமிடத்தையும் ஓட்டிப் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.